ஊசி குத்திய நேரம்

தெருவில் அவருக்கு 'ரூல்ஸ்' என்று பெயர். தொற்றுக் கழிவு ஏற்றுகிற வண்டிக்குப் பெர்மிட் வைத்திருக்கும் மனுஷன் வேறு எப்படி இருப்பார்? ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, ஊசி எல்லாவற்றையும் கிளினிக் கிளினிக்காக வாங்கி, குளிர்பெட்டியில் அடைத்து, எரிக்கும் ஆலையில் ஒப்படைப்பது அவர் தொழில். கூட வேலை செய்வது மனைவி. பெர்மிட்டை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பெர்மிட்டை ஒரு மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். காரணம் மனைவிதான். குளிர்பெட்டியின் குளிர் அளவைத் தினம் இரண்டு வேளை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். புண்ணியவதி, ஒரே மூச்சில் வாரம் முழுவதுக்கும் எழுதி வைத்துவிட்டாள். சோதனைக்கு வந்த அதிகாரியம்மா, திங்கட்கிழமையன்று வரப்போகும் சனிக்கிழமையின் அளவைப் படித்துப் பார்த்தார். "இன்னொரு தப்பு நடந்தா நிறுத்தி வைக்கிற பேச்சே கிடையாது. ரத்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு மாதமும் ரூல்ஸ் மனைவியை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இன்று காலை அவள் காபி டம்ளரை நீட்டியபோது கட்டைவிரல் மட்டும் ஒதுங்கி நின்றது. அதில் ஒரு பிளாஸ்திரி.

"விரல்ல என்ன?"

"கத்தி பட்டுடுச்சுங்க. வெங்காயம் நறுக்குறப்ப."

"காட்டு."

"ஐயே, இதைப் போய் பார்த்துக்கிட்டு! வண்டிக்கு நேரமாகலையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவளும் பொய் சொல்லிப் பார்க்கிறாள், ஒருமுறையாவது உருப்படியாக வந்ததில்லை. அவர் கையைப் பிடித்துப் பிளாஸ்திரியை உரித்தார். கத்தி பட்டால் கீறல் இருக்கும். அங்கே கடுகளவு புள்ளி ஒன்றுதான் இருந்தது. அது ஊசி குத்திய தடம்.

"எப்போ?"

அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. "முந்தாநாள் காலையில. பத்து மணி இருக்கும். பல் டாக்டர் கிளினிக்ல ஊசியைப் பெட்டியில போடாம பையிலயே போட்டிருக்காங்க. தூக்குறப்ப குத்திடுச்சு."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"ஊசி குத்துனதும் ஒரு தப்புதானே, சொன்னா பெர்மிட் போயிடும்னு பயந்துட்டேன். என்னால ஒருதடவை போனது போதாதா?"

அட கடவுளே! ஊசி குத்துவது தப்பில்லை; அன்றைக்கே பெர்மிட் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்காததுதான் தப்பு. அந்தத் தாளோடு டாக்டரைப் பார்த்து, நோய் தொற்றாமலிருக்க மூன்று நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும். அவரே அவளுக்கு நூறு தரம் சொன்ன ரூல். திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தைதான் வந்தது.

"ரெண்டு நாளா தனியாவா பயந்துக்கிட்டு இருந்தே?"

அவள் தலையை ஆட்டினாள். "முகம் கழுவிக்கிட்டு வா, ஆபீஸுக்குப் போகலாம்" என்றார். பெர்மிட்டை அன்று அவர் துடைக்கவில்லை.

அலுவலகத்தில் அதிகாரியம்மா தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "குத்துனது எப்போ?"

"இன்னிக்குக் காலையில, மேடம். எட்டு மணிக்கு" என்று மனைவி முந்திக்கொண்டாள். வழியெல்லாம் அதைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறாள், பாவி!

அதிகாரியம்மா அந்த விரலைப் பார்த்தார். திரும்ப ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் அழுக்கேறி இரண்டு நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ரூல்ஸைப் பார்த்தார். "இன்னிக்குத்தானா? இன்னிக்குன்னா பெர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"இந்தத் தாள்தானே மேடம் டாக்டர்கிட்ட போகும்?" என்று கேட்டார் அவர்.

"ஆமா. நேரத்தைப் பார்த்துத்தான் அவர் மருந்தை முடிவு பண்ணுவார்."

"அப்படின்னா முந்தாநாள்னு எழுதுங்க. காலை பத்து மணி."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, பெர்மிட்..."

"அது கிடக்குது விடு. நீ இல்லாம நான் யாரோட வண்டி ஓட்டப் போறேன்?"

பைக்குள் கையை விட்டு, ஃபிரேமிலிருந்து கழற்றிய பெர்மிட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் முகம் கழுவப் போன நேரத்தில் கழற்றியிருக்கிறார் மனுஷன். அதிகாரியம்மா பெர்மிட்டில் ரத்து என்று முத்திரை குத்தினார். டாக்டரிடம் போகும் தாளில் 'அவசரம்' என்று எழுதி, அவருக்குத் தானே போன் போட்டார்.

இருபத்தெட்டு நாள் மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் அவர் ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்து ஒரு தாளில் இருபத்தெட்டுக் கட்டம் போட்டார். தேதி, நேரம், சாப்பிட்டவர், சாட்சி. தினம் எழுத வசதியாக, அந்தக் காலி ஃபிரேமின் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தாளைச் செருகி, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"தினம் ஒரு டிக். வாரத்துக்கும் சேர்த்து ஒரேயடியா போட்டு வெச்சே, தொலைச்சுப்புடுவேன்!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் கட்டத்தில் டிக் போட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.