ஹார்டு டிஸ்க்கைக் காணோம்

மாலை ஐந்து மணிக்குள் என் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. மூன்று வருட உழைப்பு அம்போ. மதியம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே வரி: ஹார்டு டிஸ்க் எதுவும் இல்லை. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட என் கணவரோடு நான் இருபது நிமிடம் பேசவில்லை.

அவர் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, சும்மா நிற்கப் பயந்து கூடையோடு அழுக்குத் துணியை அள்ளி வாஷிங் மெஷினில் கவிழ்த்து, ஊற வைத்துத் துவைக்கும்படி பொத்தானை அமுக்கினார். நண்பர் கம்ப்யூட்டர் மெக்கானிக். எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்தைச் சொல்வதால் எங்கள் வீட்டில் அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்றே பெயர்.

“ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சிஸ்டர்.”

“ஒன்பது தடவை பண்ணிட்டேன்.”

“பத்தாவது பண்ணுங்க.”

பண்ணினேன். எதுவும் இல்லை. செட்டிங்ஸுக்குள் போகச் சொன்னார். டிஸ்க்கின் பெயர் வர வேண்டிய இடத்திலும் ‘இல்லை’ என்றே இருந்தது.

“கேபிள் லூசா இருக்கும். பக்கத்து மூடியைக் கழட்டிப் பாருங்க.”

கழற்ற முடிந்தால் எப்போதோ கழற்றியிருப்பேன். என் மாமனார் வங்கி லாக்கர்களைப் பழுது பார்ப்பவர். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு, ஷூ ஸ்டாண்டுக்குப் பூட்டு. போன மாதம் கம்ப்யூட்டர் கேபினெட்டிலும் துளை போட்டு விரல் நீளத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டார். சாவி அவர் இடுப்பில்.

“மாமா, சாவியக் கொஞ்சம் குடுங்க.”

“எதுக்கும்மா?”

“உள்ள டிஸ்க் இருக்கான்னு பாக்கணும்.”

“அதான் இல்லைன்னு மெஷினே சொல்லுதே. அது பொய்யா சொல்லும்?”

சொல்லிவிட்டுப் போனை முறைத்துப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாரின் இடுப்பில் கைவைத்துச் சாவியைப் பிடுங்கும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

“அய்யய்யோ, எனக்கே கேக்குது!” என்றார் ரீஸ்டார்ட். “டிஸ்க்கப் படிக்கிற தலை உள்ள முட்டுது சிஸ்டர். கதை முடிஞ்சுது. என்னை மன்னிச்சிடுங்க.”

போனை வைத்துவிட்டார். மணி நான்கு பத்து. நான் வாய்விட்டே அழுதேன். கணவர் என் தோளில் கை வைத்தார், தட்டிவிட்டேன்.

மாமனார் போனைத் தூக்கிப் பார்த்தார். தொடர்பு போய்விட்டதா என்று மகனிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

“டிஸ்க் என் ரூம் லாக்கர்ல இருக்கும்மா.”

காதில் விழுந்தது; மூளைக்குப் போகவில்லை.

“நேத்து நீதானே சொன்ன, வீட்டுல எது திருடு போனாலும் பரவாயில்ல, அந்த டிஸ்க் போனா செத்தேன்னு. அதான் ராத்திரியே கழட்டி பத்திரமா உள்ள வெச்சேன்.”

“ரெண்டு மணி நேரமா இங்கதானே நின்னீங்க! சொல்லக் கூடாதா?”

“வெளி ஆள் லைன்ல இருந்தாரே. லாக்கர்ல என்ன இருக்குன்னு வெளி ஆள் முன்னாடி வாயத் திறக்கலாமா? நாப்பது வருஷத் தொழில்மா.”

பெட்டகம் அவர் அறையில், ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மூன்று சாவி, ஒரு எண் பூட்டு. கதவு திறந்ததும் உள்ளே பட்டுத்துணியில் சுற்றிய ஹார்டு டிஸ்க் மட்டும் மகாராணி மாதிரி வீற்றிருந்தது.

“என் நகையெல்லாம் எங்க மாமா?”

“ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாது பாரு. நகைய வெளிய எடுத்துட்டேன். திருடன் தேடாத இடம், அழுக்குத் துணிக் கூடை.”

மூன்று பேரும் வாஷிங் மெஷின் பக்கம் திரும்பினோம். அது கடகடவென்று என் வளையல்களை அலசிக்கொண்டிருந்தது. கணவர் ஓடினார். நான் ஓடவில்லை, நகை நன்றாகவே குளிக்கட்டும்.

மாமனார் கேபினெட்டைத் திறந்தார். கேபிள் இரண்டு, திருகு நான்கு. லாக்கர் பார்த்த கை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. நான்கு ஐம்பத்தாறுக்கு ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன்.

“இப்ப அது அவங்ககிட்டயும் இருக்கா?” என்றார் மாமனார்.

“ஆமா மாமா.”

“பூட்டி வெப்பாங்களா?”

“இல்ல. யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “மூணு வருஷம் கஷ்டப்பட்டு எழுதிட்டு இப்படித் திறந்து போட்டுட்டியேம்மா.” பிறகு தயங்கியபடி கேட்டார்: “அப்ப நானும் படிக்கலாமா?”

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘எறும்புப் புற்றுகளின் அமைப்பு.’

“எறும்பு வீட்டப் பூட்டுமா?”

மூன்று வருடத்தில் இந்த வீட்டில் ஒருவர்கூட என் எறும்புகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“பூட்டும் மாமா. சில எறும்புங்க பொழுது சாஞ்சதும் குட்டிக் குட்டிக் கல்லா எடுத்துட்டு வந்து வாசல அடைச்சிடும். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு.”

“வெவரமானதுங்க,” என்றார் மாமனார். “அந்தப் பக்கத்த மொதல்ல எடு.”