ரீகோ, 1974–1993

"அந்தச் சட்டையை எங்கிட்ட கொடுத்துடுங்க."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து என்னோடு வேலை செய்யும் டெக்லன் சிரித்தான். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவே கூடாது என்று அம்மா என்னிடம் பல வருடமாகச் சொல்லிவந்தாள். எனக்கு வேலை கிடைத்த அன்று, கேக் வெட்டுவதற்கு முன்பே மறுபடியும் சொன்னாள்: "சினிமாக்காரங்க யாரையாவது பாத்தா அதைக் கேட்டுறாதடி. அவங்க பிடுங்கல. நானா கழட்டிக் கொடுத்தது."

எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய துணிக் கம்பெனியின் டிசைன் பிரிவில் எனக்கு வேலை. இந்த வருடம் எல்லோருக்கும் தொண்ணூறுகள் வேண்டும். பழைய காமெடிப் படங்களைத் திரையில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். கழுத்தை ஒட்டிய கறுப்புப் பட்டை, தொப்புள் தெரியும் குட்டைச் சட்டை, இடுப்பில் நிற்காத தொளதொள ஜீன்ஸ் எல்லாவற்றையும் படமெடுத்துச் சுவரில் ஒட்டுவோம். ஆறு மாதத்தில் அவை கடைக்குப் போகும். எதைக் கண்டு அன்றைக்குச் சிரித்தார்களோ, அதை இன்றைக்கு ஆசையாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்த வரிசையில்தான் அந்தப் படமும் வந்தது. பணக்காரப் பள்ளிப் பெண் ஒருத்தி, பந்தயத்துக்காக எங்கள் பேட்டைப் பெண்ணைப் போல வேஷம் போடுகிற கதை. நூலாகத் தீட்டிய புருவம், உதட்டைச் சுற்றிப் பழுப்புக் கோடு, முழங்கால் வரை தொங்கும் சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட். அவள் பள்ளி வராந்தாவில் தோளை ஆட்டிக்கொண்டு நடந்துவரும் காட்சி இன்றும் போன் போனாகச் சுற்றுகிறது. முப்பதாம் ஆண்டு என்பதால் அசல் சட்டையையே ஸ்டூடியோ எங்களுக்கு இரவல் அனுப்பியிருந்தது. அதை ஒரு பொம்மைக்கு மாட்டிக் கூட்ட அறையின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

நெஞ்சில் மேகங்கள், கூப்பிய கைகள், நடுவே ஒரு பையனின் முகம். மேலே ரீகோ. கீழே இரண்டு வருடங்கள். மூக்கு என் மூக்கு.

ரீகோபெர்த்தோ என் மாமா, அம்மாவின் அண்ணன். கார் கழுவும் வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றிருந்தவரை, வேறு யாரோ என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அந்த வருடங்களில் எங்கள் பேட்டையான பொயில் ஹைட்ஸில் சாவு விழுந்தால், வீட்டார் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாயம் பீய்ச்சிச் சட்டையில் படம் வரைபவரிடம் போவார்கள். அவரிடம் பிறந்தநாளுக்கும் சாவுக்கும் ஒரே மேகம்தான், எழுத்து மட்டும் மாறும். அடக்கத்துக்கு எல்லோரும் அந்தச் சட்டையில்தான் நின்றார்கள். அம்மா அதற்குப் பிறகும் கழற்றவில்லை. பள்ளிக்கே அதைப் போட்டுக்கொண்டு போனாள்.

அப்போதுதான் அவள் பள்ளியில் அந்தப் படத்தை எடுத்தார்கள். கூட்டக் காட்சியில் நிற்க வருகிறவர்கள் சொந்த உடுப்பில்தான் வர வேண்டும், இன்றும் அப்படித்தான். அம்மா வந்த கோலத்தைப் பார்த்த உடைப் பிரிவுப் பெண், "இதைக் கதாநாயகிக்குக் கொஞ்ச நேரம் கொடுப்பியா, செல்லம்?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பதினேழு வயது. அண்ணன் முகம் அவ்வளவு பெரிய திரையில் வரப்போகிறதே என்று அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது வேறு ஏதோ ஒரு வெள்ளைப் பனியன்.

படம் வந்ததும் குடும்பமே கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு தியேட்டருக்குப் போனது. அந்தக் காட்சி வந்தது. சட்டையைக் காட்டி ஒருத்தி, "யாருடி இவன், உன் ஆளா?" என்று கேட்கிறாள். கதாநாயகி, "ஞாபகமில்ல, எனக்கு நிறைய ஆளு" என்கிறாள். தியேட்டரே அதிர்ந்தது. பக்கத்தில் எல்லோரும் சிரித்ததால் அம்மாவும் சிரித்துவிட்டாள். இன்றுவரை அவளால் அந்தச் சிரிப்பைத் தாண்டி வர முடியவில்லை. டிவியில் அந்தப் படம் வந்தால் அடுப்பில் எதுவும் இல்லாவிட்டாலும் எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

இன்றைய கூட்டத்தில் முதலில் பேசியது டெக்லன். "இந்த 93 செமயா இருக்கு. விளையாட்டு நம்பர் மாதிரி கைப்பக்கம் பெருசா போட்டுடலாம்."

"ரீகோங்கிறது யாரு? பாட்டுக்காரனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"யாருமில்ல," என்றான் டெக்லன். "படத்துக்காக யாரோ கிண்டலா வரைஞ்சது. பேரை எடுத்துட்டு, வாங்குறவங்க அவங்கவங்க பேரைப் போட்டுக்கிற மாதிரி பண்ணலாம். பிச்சுக்கிட்டுப் போகும்."

அப்போதுதான் நான் சட்டையைக் கேட்டேன். அவன் சிரித்து முடித்ததும் சொன்னேன்: "அது கிண்டல் இல்ல, இழவுச் சட்டை. அந்த 93 அவர் செத்த வருஷம். அவர் என் மாமா."

எங்கள் தலைவி கொரின் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"யெசேனியா, இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"அந்த அசல் சட்டையே இங்க வந்திருக்குன்னு நேத்துப் பெட்டியைப் பிரிச்சப்பதான் எனக்கே தெரியும்."

"எவ்வளவு பெரிய கதை இது! உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. கேமரா முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசட்டும். இந்த வரிசையையே உன் பொறுப்புல விடறேன். பேரை மாத்த வேணாம், ரீகோன்னே இருக்கட்டும். அவருக்கு மரியாதை செஞ்ச மாதிரி ஆகும்ல?"

"எந்த அளவுல? சின்னது, நடுத்தரம், பெருசு, மூணுலயுமா?"

"கோபப்படாத. நான் உதவத்தான் பாக்கறேன்."

"அப்ப இதைச் செய்யாதீங்க. சட்டையைக் கொடுங்க."

"அது என்னோடதில்லையே. ஸ்டூடியோ சொத்து. நீ கையைக் கூட வைக்கக் கூடாது."

எனக்குச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகுதான் அம்மா ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டிருந்தாள். என் வேலை போனால் அவள் மறுபடி அதற்குப் போக வேண்டியிருக்கும் என்பதை நான் முந்தின இரவே யோசித்துவிட்டேன். காலையில் எல்லோருக்கும் முன்பே வந்து என் மேசையைக் காலி செய்துவிட்டேன். பை என் காலடியில்தான் இருந்தது.

எழுந்துபோய்ப் பொம்மையின் கையைத் தூக்கினேன். சாயம் வெடித்திருந்ததால் முகத்தில் விரல் படாமல் மெதுவாகக் கழற்ற வேண்டியிருந்தது.

"யெசேனியா, இது திருட்டு. போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. அவங்களுக்கு இந்தப் பேரு தெரியும். யார் சுட்டாங்கன்னு இன்னும் கண்டுபிடிக்கல."

தலைவழியாகப் போட்டுக்கொண்டேன். முழங்கால் வரை வந்தது. யாரோ ஒரு நடிகையின் பவுடர் வாசனை கழுத்தில் இன்னும் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. டெக்லன் கதவுப் பக்கம் நின்றிருந்தவன் விலகிக்கொண்டான். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கூப்பிட்டாள். "ஏய், சூப்பரா இருக்கே! எங்கடி வாங்கின?"

"எங்க மாமா செத்தப்ப எடுத்தது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் நிற்கவில்லை.