இயங்கும் நிலையில்

தீக்குச்சி விரலைச் சுடும் வரை எரிந்து வந்த பிறகுதான் புவனேஸ்வரி அதைக் கீழே போட்டாள். மூன்றாவது குச்சி. அடுப்பின் திருகு முழுக்கத் திறந்துதான் இருந்தது. குனிந்து காதை அருகே கொண்டுபோனாள். முன்பெல்லாம் காலையில் திறந்ததும் யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். ஒன்பது நாளாக அது இல்லை. திருகை மூடினாள், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி திறந்தாள். சாயக்கொட்டகையின் மறுமூலையில், நான்கு வருடமாகத் தொடாமல் கிடந்த விறகடுப்பை மூட்டி மணியம்மாள் அண்டாவில் பட்டுநூலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். புகை கூரையில் முட்டி, வழி தெரியாமல் இறங்கி வந்தது.

"வுடுமா. செத்த புள்ள மூக்குல கைய வச்சி பாத்துக்கினே இருந்தா எழுந்துக்குமா?"

"பதினோரு மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் வராருக்கா."

"தெரியுதே. அதான் கூரப்பொடவ கட்டிக்கினு நிக்கிறேன் பாரு" என்றாள் மணியம்மாள். அவள் புடவையில் அரக்கும் பச்சையும் எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கலந்து கிடந்தன. முழங்கை வரை கையே நீலம்.

புவனேஸ்வரி சிரிக்கவில்லை. வெளியே வந்து சாண எரிவாயுக் கலன் புதைந்திருந்த மேட்டைச் சுற்றி நடந்தாள். பார்ப்பதற்கு வெறும் மண்மேடு. ஒரு பக்கம் சாணம் கரைத்து ஊற்றும் தொட்டி, மறுபக்கம் கரைசல் வழிந்து வரும் குழி. உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அழுத்தம் காட்டும் கண்ணாடிக் குழாய் உடைந்து ஒரு வருடமாகிறது. புதிது கேட்டு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். ஐயம்பேட்டையில் பதினொரு நெசவுக் குடும்பங்களும் பால்மாடு வைத்திருந்த தெருக்காரர்களும் கூடிக் கட்டிய கலன் அது. அந்த மாடுகளின் சாணத்தில் வரும் வாயுவில் சாயக்கொட்டகையின் இரண்டு பெரிய அடுப்புகள் எரிந்தன. எரிந்துகொண்டிருந்தன என்று தனக்குள் திருத்திக்கொண்டாள்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவர்களுடைய உதவி மையம் இருந்தது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு டி.வி.எஸ். வண்டி. புவனேஸ்வரியும் மெக்கானிக் தினகரனும். கலன் கட்டுவதற்கு அரசாங்கத்தில் எப்போதும் நிதி இருந்தது. கட்டிய கலனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது நான்கு வருடத்துக்கு முன்புதான் யாருக்கோ தோன்றி, அதற்கென்று தனியாக ஒரு நிதி வந்தது. அதில் நடந்த மையம். சுற்றியிருந்த ஊர்களில் நாற்பத்து மூன்று கலன்கள். குழாயில் கோத்திருக்கும் நீரை வடிப்பது, அடைப்பெடுப்பது, சாணம் சுமக்கும் முறை யாருடையது என்ற சண்டையில் நடுவே நிற்பது, கோபித்துக்கொண்டு சாணம் தர மறுத்தவர் வீட்டில் போய் மோர் குடித்துவிட்டு வருவது. இவற்றில் எதற்கும் சென்னைக்கு அனுப்பும் படிவத்தில் இடம் இல்லை. அதில் இரண்டு கட்டங்கள்தான். இயங்கும் நிலையில் உள்ளது, இயங்கவில்லை. நிதி மார்ச்சோடு முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்பதை இன்று வரும் அதிகாரி ஒரு கலனைப் பார்த்துவிட்டு எழுதுவார். எந்தக் கலன் என்பதைச் சென்னையிலேயே தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐயம்பேட்டைக் கலன்.

மையம் மூடினால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போது சம்பளம் அவள் நினைவுக்கு முதலில் வரவில்லை. வீட்டில் தறி இருந்தது. கணவன் ராஜவேலு, "சாணி ஆபீஸ மூடினா நல்லதுதான். இழை எடுத்துக் குடுக்க ஆளு இல்லாம நான் படற பாடு" என்று நேற்றுகூடச் சொன்னான். கேலியாகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணில் நின்றது வேறு. பூட்டிய அறைக்குள் அந்தத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். ஏதோ ஓர் ஊர்க் கடையிலிருந்து, சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ காத்திருப்பார்கள். பிறகு வைத்துவிட்டுப் போய் விறகு வெட்டுவார்கள். நாற்பத்து மூன்று மண்மேடுகளில் புல் முளைக்கும்.

இந்தக் கலன் நின்றுபோனதற்கு அவள்தான் காரணம். அதை யாரும் சொல்லவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள். கோடையில் சாணம் குறைந்தபோது கூட்டத்தில் பேசினாள். இலை தழை தின்கிற எதன் கழிவும் தொட்டிக்குச் சாப்பாடுதான், வீணாக்காதீர்கள் என்றாள். மணியம்மாள் அதை மனதில் போட்டுவைத்தாள். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கரைத்த தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள். ஒரு கிலோ நூலில் கால் கிலோ பசையாகவே கரைந்து போய்விடும். அந்தத் தண்ணீர் கஞ்சிபோலக் கொழகொழவென்று, ஒருவித உயிர்வாடையோடு இருக்கும். தினமும் அதைச் சாக்கடையில் கொட்டும்போது மணியம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. பட்டுப்பூச்சியும் இலைதானே தின்கிறது. அதன் வாயிலிருந்து வந்ததுதானே இந்தப் பசை. பன்னிரண்டு நாள், அண்டா அண்டாவாகத் தொட்டியில் ஊற்றினாள். சாணத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாத ஜீவன்களைச் சோப்பும் சோடாவும் கழுவித் துடைத்துவிட்டன. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அவள் யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

சரிசெய்துவிடலாம். உள்ளேயிருப்பதில் பாதியை இறைத்துவிட்டு, பக்கத்து ஊரான ஓரிக்கையின் கலனிலிருந்து பத்து டிரம் நல்ல கரைசல் கொண்டுவந்து ஊற்றி, புதுச்சாணம் போட்டு, முப்பது நாள் பொறுத்தால் உயிர் வரும். ஆனால் முப்பது நாள் வேண்டும்.

தினகரன் ஒன்பது மணிக்கு சைக்கிளில் வந்தான். கேரியரில் ஒரு சாக்குப்பை. அவளை விட ஆறேழு வயது சின்னவன். "அக்கா, நீங்க ஆபீஸுக்குப் போங்க. சார் அங்கதான் மொதல்ல வருவாரு. இங்க நான் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன்" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நான் உள்ளத சொல்லிடப் போறேன் தினகரா. ஜீப்புலயே."

"சொல்லுங்க" என்றான். "சொல்றதுன்னா சொல்லுங்க."

அதிகாரி முரளீதரன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் மெல்லிய ஒற்றைக்கோடு, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. மாடிப்படி ஏறி வந்து, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, சுவரில் ஒட்டியிருந்த ஊர்ப்பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். குற்றம் கண்டுபிடிக்க வந்தவராக அவர் தெரியவில்லை. அப்படி வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜீப்பில் அவர் முன்னால், இவள் பின்னால். ஊர் எல்லை தாண்டும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். சார், ஒரு விஷயம். அதற்குள் அவர் திரும்பினார்.

"எனக்கு இந்த ஊர்தாம்மா. சின்ன காஞ்சிபுரம். எங்காத்துல அப்பல்லாம் வெறகடுப்புதான். எங்கம்மாவுக்குக் கண்ணு போனது அந்தப் புகையாலதான்னு டாக்டர் சொன்னார். நான் இந்த டிபார்ட்மென்ட்டைக் கேட்டு வாங்கிண்டு வந்தேன். எல்லாரும் சிரிச்சா."

அவள் தலையசைத்தாள். அவர் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். சாலையோரம் பாவு நீட்டியிருந்தார்கள். கஞ்சி போட்ட இழைகள் வெயிலில் ஒரே தாளாக மின்னின. இரண்டு முறை வாயைத் திறந்தாள். ஒரு முறை டிரைவர் ஹாரன் அடித்தான். இன்னொரு முறை எதுவும் தடுக்கவில்லை. அவள்தான் மூடிக்கொண்டாள். கொட்டகை வாசலில் போய் நின்றதும், இறங்கியவுடன் சொல்லிவிடலாம், அவர் கையில் படிவத்தை எடுப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

வாசலில் மாக்கோலம் போட்டிருந்தார்கள். விறகடுப்பைக் காணவில்லை. சாம்பல் அள்ளி, சாணம் மெழுகி, அந்த மூலையில் புதுப்பாய் ஒன்று விரித்திருந்தது. நடுவே பெரிய அடுப்பின்மேல் அண்டா. அண்டாவின் கீழே தீ எரிந்துகொண்டிருந்தது.

வாயு வந்துவிட்டது என்றே புவனேஸ்வரி ஒரு கணம் நினைத்தாள். பிறகுதான் சத்தம் கேட்டது. சாண வாயுவின் தீ சத்தம் போடாது. காற்று வந்தால் நகர்ந்து, போனால் நிமிர்ந்து, ஒரு சோம்பலோடு எரியும். இது நிலையாக நின்று சீறியது. அடுப்பில் வாயு பீறிவரும் பித்தளை முனை புதிதாகப் பளபளத்தது. மணியம்மாளைப் பார்த்தாள். அவள் நிஜமாகவே புடவை மாற்றியிருந்தாள். புவனேஸ்வரியைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினாள். ஜன்னலுக்கு வெளியே, பின்சுவரில் சாய்ந்து தினகரனின் தோள் தெரிந்தது.

"நன்னா எரியறதே" என்றார் முரளீதரன். குனிந்து, கையைத் தீயருகே காட்டி, அண்டாவுக்குள் கோலில் தொங்கிய நூலைப் பார்த்தார். "புகையே இல்லை."

"பொகையா? அதெல்லாம் மறந்தே போச்சு சார்" என்றாள் மணியம்மாள்.

"எத்தனை வருஷமா எரியறது?"

"நாலு வருஷம் சார். ஒரு நாளு நின்னது இல்ல."

அவர் பாயில் உட்காரவில்லை. நின்றபடியே படிவத்தை அட்டையில் வைத்து ஏதோ எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் புவனேஸ்வரியால் பார்க்க முடியவில்லை. அந்த மனிதர் தன் அம்மாவிடம் போய்ச் சொல்லப்போவதுபோல இருந்தது. இனி உள்ளதைச் சொன்னால் மணியம்மாள் பொய்க்காரி ஆவாள், தினகரன் திருடன் ஆவான். சொல்லாவிட்டால் மையம் பிழைக்கும். பிழைத்தால் நாளைக்கே டெம்போ பிடித்து ஓரிக்கைக்குப் போகலாம். மார்ச் முடிவதற்குள் இதே அடுப்பு நிஜமாகவே எரியும். அப்போது இது பொய்யாகவா இருக்கும், கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மைதானே. அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"ஏதாவது ரிப்பேர் வந்தா என்ன பண்ணுவேள்?" என்று முரளீதரன் மணியம்மாளைக் கேட்டார்.

அது பரீட்சைக் கேள்வி என்று மணியம்மாள் எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள். "நாங்களே பாத்துக்குவோம் சார். எல்லாம் கத்துக்கினோம். யாரையும் எதிர்பாக்கற பேச்சே கெடையாது."

"மத்த ஊர்லயும் இப்படித்தானா?"

"எல்லா ஊருலயும்தான் சார்" என்றாள், அந்த ஊர்களில் ஒன்றைக்கூடப் பார்த்திராத மணியம்மாள். பாராட்டுக்காகப் புவனேஸ்வரியின் பக்கம் ஒரு பார்வை வேறு.

முரளீதரன் பேனாவை மூடினார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். நான் எத்தனையோ இடம் பாத்துட்டேன். கட்டிட்டுப் போவா, ஒரு வருஷத்துல பாழாக் கெடக்கும். இங்க அப்படி இல்லை. உதவிக்கு ஆள் தேவைப்படாத அளவுக்கு நீங்க இவாளைக் கொண்டு வந்திருக்கேள். உதவி மையம்னா இதுதான் லட்சியம். மார்ச்சோட இங்க நிறைவா முடிச்சுண்டு, அந்த நிதியை இன்னும் ஒண்ணுமே தெரியாத ஒரு மாவட்டத்துக்குக் குடுக்கலாம்னு எழுதிருக்கேன். உங்க பேரைத் தனியாக் குறிப்பிட்டு எழுதறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?"

மணியம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்கு முழுக்கப் புரியவில்லை. புவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ தவறிவிட்டதென்று புரிந்துகொண்டாள். "இன்னா சார் சொல்றீங்க, முடிச்சிக்கிறதுன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் அவளுக்கு மறுபடி விளக்கத் தொடங்கினார். பொறுமையாக, நல்ல வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்து.

புவனேஸ்வரி வெளியே போனாள். கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். அவள் நடந்த வேகத்தில் கோழி ஒன்று பதறி ஓடியது. சுவரை ஒட்டி, மூடிய பழைய வால்வுக்கு இந்தப் பக்கம், விறகுக் குவியலுக்கும் நனைந்த சாக்குக்கும் நடுவில் சிவப்பாகச் சிலிண்டர் நின்றது. தினகரன் அதற்கு முன்னால் நின்றான். எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தான்.

"யாரோடது?"

"மணியக்காவோடது. ரெண்டாவது சிலிண்டர். அவங்கதான்க்கா கேட்டாங்க. என்னால நின்னுது, புவனா வேலைக்கு ஒலை வச்சிட்டேன்னு ராத்திரியெல்லாம் அழுதாங்களாம்." கையிலிருந்த ஸ்பேனரைக் காட்டினான். "நான்தான் முனைய மாத்துனேன். அவங்க பேர்ல தப்பு ஒண்ணியும் இல்ல."

"தள்ளிக்க."

"இப்ப மூடினா மூணு பேருக்கும் மானம் போயிடும்க்கா. மையமும் போயிடும். எல்லாமே போயிடும்."

"தெரியும்."

அவன் நகரவில்லை. அவளும் அவனைத் தள்ளவில்லை. உள்ளே முரளீதரனின் குரல் ஏதோ ஒரு மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே கலன்கள் எல்லாம் நின்றுபோய்விட்டன, கேட்பதற்கு நாதியில்லை என்றது. தினகரன் தரையைப் பார்த்தான். பிறகு ஒரு பக்கமாக விலகி, சாக்கை அவனே எடுத்துப் பிடித்துக்கொண்டான். புவனேஸ்வரி குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினாள். கால் சுற்றுதான். பாதியில் இறுகிக்கொண்டு வர மறுத்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு திருகினாள்.

நிமிர்ந்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். தீ உடனே அணையவில்லை. குழாயில் மிச்சம் இருந்தது. முதலில் சீறல் நின்றது. முரளீதரன் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அண்டாவின் கீழே தீ வளையம் தாழ்ந்து, தனித்தனி முத்துகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றாகப் போயிற்று. மணியம்மாள் அதைப் பார்க்கவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே கையை நீட்டி, பாதி வெந்த நூலைக் கோலோடு தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்தாள். நூலிலிருந்து கொழகொழவென்று நீர் வழிந்தது. அட்டையை மார்போடு அணைத்தபடி முரளீதரன் அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்தார். வளையத்தின் மறுகோடியில் ஒரு துளையில் மட்டும் நீலமாக ஒரு பொட்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது.