கழுவிய கை

தட்டைப் பார்த்த பிறகே பெயரைப் பார்ப்பது அந்த ஆய்வுக்கூட டாக்டரின் வழக்கம். காலையில் வந்ததும் வெப்ப அலமாரியைத் திறந்து, கிருமி வளர்க்கும் வட்டத் தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். யாருடைய ரத்தம், எந்த வார்டின் சளி என்று எழுதியிருக்கும் இடத்தை வெள்ளைத் தாள்துண்டு ஒன்று மூடியிருக்கும். வளர்ந்திருப்பது இன்னதென்று அவர் வாய்விட்டுச் சொன்ன பின்பே டெக்னீஷியன் அந்தத் தாளை உரிக்க வேண்டும்.

"பேரைப் பார்த்துட்டா, கண்ணு நமக்கு முன்னாடி ஓடிப் போய் உட்கார்ந்துக்கும்" என்பார்.

நேரில் அவரை டாக்டரம்மா என்றும், கதவுக்கு வெளியே கிருமியம்மா என்றும் அழைத்தார்கள். இரண்டாவது பெயரும் அவருக்குத் தெரியும்.

அந்த வாரம், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் வார்டில் இரண்டு சிசுக்களுக்குக் காய்ச்சல் கண்டது. இருவர் ரத்தத்திலும் ஒரே கிருமி. தட்டில் செங்கல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வளர்வது. மருந்துக்கு அது கட்டுப்பட்டது. வார்டில் கிளம்பிய சந்தேகம் எதற்கும் கட்டுப்படவில்லை. அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார்கள். தாய்மார்கள் நர்ஸ்களின் நகங்களைப் பார்த்தார்கள். நர்ஸ்கள் டாக்டர்களின் மோதிரங்களைப் பார்த்தார்கள். தலைமை நர்ஸ் மட்டும் ஆயாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயா ஒப்பந்தக் கூலிக்கு வந்தவள். தரையைத் துடைப்பதும், அழுக்குத் துணி எடுப்பதும், பால் கிண்ணங்களைக் கழுவி வைப்பதும் அவள் வேலை.

எல்லாருடைய விரல்களையும் தட்டில் பதித்துப் பார்த்துவிடுவதென்று டாக்டர் வார்டுக்கு வந்தார். டாக்டர்களும் நர்ஸ்களும் சட்டைப்பையிலிருந்த ஸ்பிரிட்டைக் கையில் தேய்த்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். ஆயாவின் பையில் ஸ்பிரிட் கிடையாது. அவளுக்கு யாரும் கொடுத்ததுமில்லை. அவள் கைகழுவும் தொட்டிக்கு ஓடினாள். சோப்புத் தண்ணீரை இரண்டு முறை அமுக்கி எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த படங்களை நிமிர்ந்து பார்த்தபடி உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒன்று விடாமல் தேய்த்தாள். அந்தப் படங்களை ஒட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே டாக்டர்தான்.

"இன்னைக்கு நீங்க பரீட்சை வைக்கிறீங்க, நான் முதல் மார்க் வாங்கணும்ல" என்று ஈரக்கையை நீட்டினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே பதித்துக்கொண்டார்.

மறுநாள் அலமாரியைத் திறக்கும் முன்பே தலைமை நர்ஸ் ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றாள்.

"அந்த ஆயாவோடதை முதல்ல எடுங்க டாக்டரம்மா. குப்பையைத் தொட்ட கையோட வந்து பால் கிண்ணத்தைத் தொடுறா. எனக்கு ஆரம்பத்துலேருந்தே அவ மேல ஒரு கண்ணு."

"தாளை உரிச்சா அம்மா என் தோலை உரிச்சுடுவாங்க, சிஸ்டர்" என்றான் டெக்னீஷியன்.

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தாமே தட்டுகளைத் தள்ளித் தேடி, தாளை உரித்து, ஆயாவின் தட்டை எடுத்தார். ஐந்து விரல் தடங்களிலும் செங்கல் நிறப் புள்ளிகள். மற்ற தட்டுகளில் அந்த நிறம் இல்லை. அதற்கு மேல் அவர் எதையும் தேடவில்லை.

மதியத்துக்குள் ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"நான் கழுவிட்டுத்தானே கையை நீட்டினேன்? பக்கத்துல நின்னு நீங்களே பார்த்தீங்களே, டாக்டரம்மா!"

"நீங்க சரியா கழுவலையோ என்னவோ, அக்கா" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. ஆயா தன் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு மூன்றாவது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அதே செங்கல் நிறம்.

"வேலை போன ஆத்திரத்துல யாருக்கும் தெரியாம வந்து தொட்டிருப்பா" என்றாள் தலைமை நர்ஸ். காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் கேட்டுப்பக்கம் கூட வரவில்லை என்று அவன் சொன்னதும் அவன் மேலும் சந்தேகம் வந்தது.

"கையை மட்டும் இங்கே விட்டுட்டுப் போயிட்டாங்க போல" என்றான் டெக்னீஷியன். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கண்முன் அந்த ஈரக்கை வந்து நின்றது. வரிசையில் நின்றவர்களில் தொட்டிக்குப் போனவள் ஒருத்திதான்.

அவர் எழுந்து வார்டுக்குப் போனார். கைகழுவும் தொட்டியில் சோப்பை அமுக்கி, படங்களில் உள்ளபடியே ஒன்று விடாமல் கழுவினார். அந்த ஈரக்கையைப் புதுத் தட்டு ஒன்றில் பதித்தார். சோப்புப் புட்டியிலிருந்து ஒரு சொட்டை வேறொரு தட்டில் இட்டார். பின் பக்க அறையில், புட்டியை நிரப்பும் சோப்புக் கேனைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் போல் தளும்பியது. பழைய மிச்சத்தின் மேலேயே புதுச் சோப்பையும் குழாய்த் தண்ணீரையும் ஊற்றி வந்திருந்தார்களே தவிர, அந்தக் கேனைக் கழுவவே இல்லை. அடியில் விரலை விட்டால் வழுவழுத்தது. குழந்தைகளின் பால் கிண்ணங்களைக் கழுவுவதும் அதே சோப்பில்தான்.

மறுநாள் டெக்னீஷியன் தாளை உரித்தபோது, சிவந்திருந்த ஐந்து விரல் தடங்களின் கீழே டாக்டரின் பெயர் இருந்தது. சோப்புச் சொட்டு இட்ட தட்டிலும் அதே நிறம்.

இரண்டு தட்டுகளையும் அவர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்தார்.

"சோப்புல கிருமியா? வெளிய சொன்னா சிரிப்பாங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"தண்ணி கலக்கச் சொன்னது யாரு சார்?"

"சிக்கனமா இருங்கன்னுதான் சொன்னேன். ஊத்துனது ஸ்டோர்க்காரன்." அவர் தட்டுகளைத் தள்ளி வைத்தார். "சரி, கேனை மாத்திடலாம். அந்தப் பொம்பளையையும் வரச் சொல்லுங்க. ஆனா சத்தம் வேண்டாம். ஆஸ்பத்திரி பேருன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவங்களுக்கும் பேருன்னு ஒண்ணு இருந்துச்சு சார். அதை நான்தான் கெடுத்தேன்."

வார்டுக்குத் திரும்பியதும், தாய்மார்களும் நர்ஸ்களும் கேட்கும்படி, நடந்ததை அவர் உரக்கச் சொன்னார். தலைமை நர்ஸ் தரையைப் பார்த்தாள். ஒரு தாய் மட்டும், "அப்ப இந்தச் சோப்பை வச்சது யாரு?" என்று கேட்டாள்.

சாயங்காலம் ஆயாவின் வீட்டைத் தேடிப் போனார். ஓர் அறை வீடு. ஆயாவின் தங்கை கைக்குழந்தையோடு வாசலை மறித்து நின்றாள்.

"இன்னும் என்ன எடுத்துட்டுப் போக வந்தீங்க? கையா, காலா?"

உள்ளே மூலையில் ஆயா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"புள்ளையைத் தொடாதேக்கான்னு நான்தான் சொல்லிட்டேன்" என்றாள் தங்கை, குரல் இறங்கி. "பச்சைப் புள்ளை. பெரிய டாக்டருங்க சொல்லும்போது நம்பாம இருக்க முடியுமா?"

டாக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"ஒரு காட்டுல குளம் கெட்டுப்போச்சும்மா. தினமும் அங்கே போய்த் தண்ணி குடிச்ச மான்தான் நோவுல விழுந்துச்சு. குளத்துப் பக்கமே போகாத நரி, 'மானாலதான் குளம் கெட்டுச்சு'ன்னுச்சு. காட்டுக்கு வைத்தியம் பார்த்த ஆந்தை, குளத்தைப் போய்ப் பார்க்காம மானைத் துரத்திடுச்சு." அவர் ஆயாவைப் பார்த்தார். "அந்த ஆந்தை நான்தான். கெட்டது சோப்பு, அக்கா. நான் சொன்னபடி ஒழுங்கா கழுவுனது நீங்க ஒருத்திதான். அதனாலதான் உங்க கையில வந்துச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

டாக்டர் உள்ளே போய், அவள் இரண்டு கைகளையும் தம் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். நகங்களைச் சதை தெரிய வெட்டியிருந்தாள். தோல் பிளீச்சிங் பவுடரில் வெந்து வெடித்திருந்தது.

தங்கை அருகே வந்து குழந்தையை நீட்டினாள். "இந்தாக்கா. பெரியம்மாகிட்ட போவுமாம்."

ஆயா எழுந்தாள். டாக்டரின் பிடியிலிருந்து கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள். முந்தானையை இழுத்து, இரண்டு கைகளிலும் விரல்நுனி கூட வெளியே தெரியாதபடி இறுகச் சுற்றி, குழந்தைக்காக நீட்டினாள்.