ஆள்காட்டி அடங்கும் வரை

அந்தப் பறவைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பெண்ணையாற்று மணலில் எவ்வளவு இடம் கிடக்கிறது, நாணல் புதருக்கு முன்னால்தானா வந்து குஞ்சு பொரிக்க வேண்டும்? இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. மணலூர்பேட்டை ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த கேசில் போலீஸ் தேடியது. என் வீட்டுக்காரர் அந்தப் புதருக்குள் மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தார். முன்னமே பிடிபட்ட சுப்புராயன் மாமா இரண்டு கையும் வீங்கித் திரும்பி வந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆள்காட்டிகள் இரண்டு. புதருக்குள் இவர் காலை நீட்டினால் போதும், 'டிட்டீ டிட்டீ' என்று ஊரையே கூட்டிவிடும். கத்தின உடனே நாலு குஞ்சும் மணலோடு மணலாக ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் கூழாங்கல் என்றுதான் தோன்றும். ஆள் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தாய் அடங்கிக் கீழே இறங்கும். அப்புறம்தான் குஞ்சுகள் எழுந்து ஓடும்.

கூழ் கொண்டுபோனபோது இவரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, அறிவுன்னா அது. இன்னா சத்தம் கேட்டாலும் அதுங்க மாதிரி கெடங்க. எழுந்துக்காதீங்க."

"ஒண்ணுக்கு வந்தா?"

"படுத்துக்கினே போங்க."

சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

நாலாம் நாள் மத்தியானம் கரும்புக் கொல்லை ஓரமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். கரைமேல் ஜீப் வந்து நின்றது. ஒரு ஏட்டும் இன்னொரு போலீஸ்காரரும் இறங்கினார்கள். அவர்கள் மணலில் கால் வைக்கும் முன்பே பறவைகள் புதருக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. பாவி மனுஷன் அசைந்திருக்கிறார்.

ஏட்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு புதரைப் பார்த்தார். "அங்க எவனோ கீறான்யா" என்றார். இரண்டு பேரும் புதரை நோக்கி நடந்தார்கள்.

அரிவாளைப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பி, உள்ளே யாரையோ ஓடு ஓடு என்று விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினேன். அது போதாது என்று பட்டது. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் வாயால் சொல்லாத பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"நாராயணசாமி... நாராயணசாமி..."

போலீஸ்காரர்கள் நின்றார்கள். சட்டென்று திரும்பி ஓடிவந்து, என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கரும்புக்குள் பாய்ந்தார்கள். ஆற்றில் பறவைகள் ஒவ்வொன்றாக அடங்கின. தப்பித்தோம் என்று நினைத்தேன். சாமி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது நாணல் விலகியது. இவர் எழுந்து நின்றார்.

படுங்க படுங்க என்று கையை ஆட்டினேன். அதைப் பார்த்து இன்னும் பதறிப்போய், இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தடித்து ஓடிவந்தார். ஆள்காட்டிகள் அவர் தலையைத் தட்டுகிற மாதிரி கத்திக்கொண்டே பின்னால் வந்தன.

என் முதுகுப் பக்கம் கரும்புச் சோகை சரசரத்தது. ஏட்டு வெளியே வந்து நின்றார். இவர் அவரைப் பார்க்கவே இல்லை. என் முன்னால் மண்டி போட்டு, என் காலை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரச் சொல்லிக் கூப்டியே, இன்னாடி ஆச்சு உனக்கு? பாம்பு கடிச்சிடுச்சா? எங்க, காமி."