பன்னிரண்டாவது இடம்

மாலை ஐந்து நாற்பதுக்கு என் நாத்தனாரின் பத்தாவது ஃப்ரீ த்ரோ வளையத்தின் விளிம்பில் சுற்றி வெளியே விழுந்தது. பத்துக்கு ஐந்து. சிட்டு அவளுக்கு முன்பே எறிந்து முடித்திருந்தாள். பத்துக்கு ஒன்பது.

எங்கள் கூடைப்பந்து அணியில் பதினொரு பேர் முடிவாகிவிட்டார்கள். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் இருந்தால் ஆளுக்குப் பத்து எறிய வேண்டும். அதிகம் போட்டவள் உள்ளே. எனக்கு முன்பிருந்த பயிற்சியாளர் வைத்த வழக்கம். எனக்கும் அது வசதி. யாரும் சண்டைக்கு வர முடியாது.

"சிட்டு," என்றேன்.

நாத்தனார் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். "சரி கோச்."

மைதானத்தில் அண்ணி என்று கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். வீட்டிலும் அன்று கூப்பிடவில்லை. சாப்பிட வராமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் கணவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புள்ளிவிவர வேலை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"பத்து பால்ல என்ன தெரியும்?"

"யாரு நல்லா போடுறாங்கன்னு தெரியும். என்ன, தங்கச்சி பாசம் பொங்குதா?"

"பொங்குது. அதை ஒரு ஓரமா வை."

என் தையல் மெஷினிலிருந்து பித்தான் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ஏழு கறுப்பு, மூன்று வெள்ளை மட்டும் விட்டார்.

"பத்துக்கு ஏழு போடுற ஆளு இந்த டப்பா. கறுப்பு வந்தா கூடை. கண்ணை மூடி ஒண்ணு எடு, பாரு, திரும்ப உள்ள போட்டுக் குலுக்கு. பத்து தடவை."

எட்டு வந்தது. இன்னொரு பத்து எடுக்கச் சொன்னார். ஆறு. அடுத்தது ஒன்பது.

"டப்பா ஃபார்முக்கு வந்துடுச்சு," என்றார்.

அடுத்தது ஐந்து.

"போச்சு. டீமை விட்டுத் தூக்கிடு."

நான் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். அதே ஏழு கறுப்பு, அதே மூன்று வெள்ளை.

"இந்த டப்பாவுக்கே ஏழு தடவைல ஒரு தடவை அஞ்சோ அதுக்குக் கீழயோதான் வரும்," என்றார். "ஒன்பது, பத்து வர்றதும் ஏறக்குறைய அதே அளவுதான்."

"அப்போ ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்றீங்களா?"

"தெரியாதுன்னு சொல்றேன்."

"எத்தனை எறிஞ்சா தெரியும்?"

"நூறு போட்டுப் பாரு. இந்த ஏத்த இறக்க ஆட்டம் கொஞ்சம் அடங்கும்."

காலையில் சிட்டுவுக்குப் போன் செய்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நூறு எறிஞ்சாலும் நான்தான் கோச்," என்றாள்.

அன்று மாலை இருவரும் மாறி மாறிப் பத்துப் பத்தாக எறிந்தார்கள். கணவர் ஆபீஸ் சட்டையோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, பூஜ்யத்திலிருந்து பத்து வரை வரிசையாக எழுதினார். ஒவ்வொரு பத்து முடிந்ததும், எத்தனை விழுந்ததோ அந்த எண்ணுக்கு மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு பெருக்கல் குறி. சிட்டுவுக்கு மஞ்சள் சாக்பீஸ், தங்கைக்கு வெள்ளை.

முதல் பத்தில் சிட்டுவுக்கு ஐந்துதான் விழுந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

குறிகள் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. பிறகு நடுவில் ஏறத் தொடங்கின. முடிந்தபோது ஏழின் மேல் ஆறு, அதன் இரு பக்கமும் ஐந்தைந்து. ஓரங்களில் ஒன்றிரண்டு. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் ஒரே மேடு. மஞ்சளும் வெள்ளையும் அதில் கலந்து கிடந்தன.

"மனுஷங்க உயரத்தை வரைஞ்சாலும் இப்படித்தான் வரும்," என்றார் கணவர்.

நான் கூட்டிப் பார்த்தேன். "சிட்டு எழுபத்தொண்ணு. இவ அறுபத்தெட்டு." எனக்கு நிம்மதியாக இருந்தது. "மூணு அதிகம். முடிஞ்சுது."

"முடியல," என்றார். "ஒரே ஆளு இன்னைக்கு நூறு, நாளைக்கு நூறு எறிஞ்சாலே அஞ்சு ஆறு முன்னப்பின்ன போகும். மூணுல ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்போ ஆயிரம்?"

"ஆயிரமா?" என்றாள் சிட்டு. "எனக்குத் தோள் ரெண்டுதான் இருக்கு சார்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். முந்தின நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"கணக்கு யாருன்னு சொல்லாதா சார்?" என்று சிட்டு கேட்டாள்.

"சொல்லிடுச்சே. என்னைக் கேக்காதீங்கன்னு."

அவர் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார். சாக்பீஸ் தூள் போகவில்லை.

மறுநாள் காலை ஆட்டம். பெயர்களை இன்று கொடுத்தாக வேண்டும். சிட்டு வேகமானவள், ஆனால் பந்து கைக்கு வந்தால் யாருக்கும் கொடுக்க மாட்டாள். என் நாத்தனார் மெதுவாக ஓடுவாள், ஆனால் தோற்கிற ஆட்டத்தில் மற்றவர்களைப் பேசிப் பேசி நிமிர்த்துவாள். இரண்டும் எனக்கு முன்பே தெரியும். பத்துப் பந்து இருந்ததால் இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நாத்தனாரின் பெயரைச் சொன்னால் ஊர் என்ன பேசும் என்பதும் தெரியும்.

நாத்தனார் பந்தை இடுப்பில் இடுக்கியபடி, தரையிலிருந்த மேட்டை மிதிக்காமல் சுற்றி என் எதிரே வந்து நின்றாள். சிட்டுவும் வந்தாள்.

"அண்ணின்னு கேக்கல," என்றாள் நாத்தனார். "கோச்சுன்னுதான் கேக்குறேன். நாளைக்கு யாரு?"