மூன்றாம் பகுதிப் பணக்காரர்

சுவரில் எதை ஒட்டினாலும் வாசிக்காமல் என்னால் அப்பால் போக முடியாது. மரண அறிவித்தலோ மண்ணெண்ணெய்ப் பங்கீடோ, கடைசி எழுத்துவரை வாசித்து, எழுதியவனைத் திட்டி முடித்தால்தான் கால் நகரும். "பராசக்தி, விடுப்புக் கேக்காட்டி உமக்குத் தலை வெடிச்சிடும்" என்று என் மனுசன் இருந்த காலத்தில் சொல்வார். வெடிக்கட்டுமே, என் தலைதானே.

ஆனால் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆனி மாதம் கொடிகாமம் சந்தைக்கு அருகிலிருந்த எங்கள் கூட்டுறவுச் சங்க வங்கிக்கு நான் போனது ஊர்ப்புதினம் தேடும் விடுப்புக்கு அல்ல. என் மனுசனின் தங்கை சிவக்கொழுந்துக்குத் துணையாகப் போனேன். அவளுடைய மகள் பத்மாவதிக்குப் பாரிசில் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளை கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போக வேண்டும். வழிச்செலவுக்கும் கொழும்பில் பயண ஒழுங்கு செய்கிறவருக்குமாகப் பதினையாயிரம் ரூபாய் தேவை. வெள்ளி தவறினால் ஒழுங்கு தவறும், ஒழுங்கு தவறினால் மாப்பிள்ளையும் தவறிவிடுவான். கொழுந்து புருசன் இல்லாமல் வெங்காயம் நட்டு வளர்த்த ஒரே பிள்ளை அது.

"பதினாறாயிரம் கிடக்கு மச்சாள்" என்று கொழுந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "எட்டு வருசமாய்ப் போட்ட காசு. வட்டியும் சேர்ந்திருக்கும்."

எனக்கும் அங்கே பதினெட்டாயிரம் வைப்பில் இருந்தது. மகன் கொழும்பிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் "அம்மா, வந்திடுங்கோ" என்று எழுதுவான். நான் போகவும் இல்லை, வரமாட்டேன் என்று எழுதவும் இல்லை. காசு வங்கியில் இருக்கிறது, நினைத்த அன்று எழும்பிப் போகலாம் என்ற நினைப்பே எனக்குத் தைரியமாக இருந்தது.

வங்கியில் வரிசை நீளம். கொழுந்தை வரிசையில் விட்டுவிட்டு நான் சுவரைப் பார்த்தேன். புதிதாக ஒரு கடதாசி: "காசுப்பாய்ச்சல் கூற்று". முதற் பகுதி தொழிற்பாட்டு நடவடிக்கைகள், இரண்டாம் பகுதி முதலீட்டு நடவடிக்கைகள், மூன்றாம் பகுதி நிதியிடல் நடவடிக்கைகள். பேரைப் பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் பகுதியில் மூன்றே வரிகள். பங்குப் பணம் பெற்றது முப்பத்தெண்ணாயிரம். தலைமைச் சங்கத்துக்குக் கடன் திருப்பியது, அடைப்புக்குறிக்குள் இருபதினாயிரம். பங்கிலாபம் கொடுத்தது, அடைப்புக்குறிக்குள் நாலாயிரம்.

எனக்கு முதல் வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைகிற காலத்தில், ஷெல் எப்போது எங்கே விழுமென்று தெரியாத ஊரில், முப்பத்தெண்ணாயிரத்துக்குப் பங்கு வாங்கியிருக்கிறான் ஒருவன்! யாரப்பா அந்தப் பணக்காரன்?

வாழைக்குலை வியாபாரி பொன்னம்பலம் வரிசையில் நின்றார். "அண்ணை, நீங்களோ பங்கு வாங்கினது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன விசரே? இருக்கிற காசைக் கட்டிக் கிணத்துக்குள்ளை போடவோ?"

அவருக்குப் பின்னால் நின்றவரைக் கேட்டேன், அவரும் இல்லை. முன்னால் நின்றவர், அவரும் இல்லை. ஊரில் யாருமே வாங்காத பங்குக்குக் காசு எங்கிருந்து வந்தது? வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற மாதிரிக் கணக்கு எழுதுகிறார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. நேரே முகாமையாளரின் மேசைக்குப் போனேன்.

முகாமையாளர் யசிந்தா குருநகர்ப் பிள்ளை. அங்கே ஷெல்லடி கூடியபின் தாயோடு இங்கே வந்து குடியிருந்தவள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் பனையோலை விசிறி.

"பிள்ளை, உந்தச் சுவரிலை ஒட்டினது நீரோ?"

"ஓம் அக்கா. ஆரும் வாசிக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

"நான் வாசிப்பன். அடைப்புக்குறி என்னத்துக்கு?"

"அது வெளியிலை போன காசு."

"சரி. நாங்கள் போடுற வைப்புக் காசும் சங்கத்துக்கு உள்ளுக்கு வாற காசுதானே? அது ஏன் மூண்டாம் பகுதியிலை இல்லை?"

அவள் விசிறியைக் கீழே வைத்தாள். அந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தவள் போல முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, நீங்கள் சந்தையிலை என்ன விக்கிறனீங்கள்?"

"வெங்காயம்."

"வெங்காயம் வரும், போகும். அது உங்கடை யாபாரம். கடை போடுறதுக்கு முதல் போட்ட காசு வேறை. எங்களுக்குக் காசுதான் சரக்கு. நீங்கள் வைக்கிறது, எடுக்கிறது, நாங்கள் கடன் குடுக்கிறது எல்லாம் அண்டாட யாபாரம். அதாலை முதற் பகுதி. கடையை விழாமல் நிக்க வைச்சிருக்கிற காசுதான் மூண்டாம் பகுதி. பங்கு போட்ட ஆக்களின்ரை காசு, நாங்கள் வெளியிலை பட்ட கடன், பங்குக்குக் குடுக்கிற லாபம்."

"அப்ப என்ரை பதினெட்டாயிரம் உமக்கு வெங்காயமோ?"

"நல்ல வெங்காயம் அக்கா" என்று சிரித்தாள்.

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் விளங்கினால் வருகிற சந்தோஷம் வேறுதான். ஆனால் முள் இன்னும் போகவில்லை. "அப்ப அந்தப் பங்கு வாங்கின பணக்காரன் ஆர்?" என்று நான் வாய் திறக்க, காசு கொடுக்கும் கருமபீடத்திலிருந்து கொழுந்தின் அழுகைக் குரல் கேட்டது.

"ஐயோ மச்சாள், ஆயிரத்து எண்ணூறுதான் இருக்காம்!"

ஓடிப்போனேன். அவள் புத்தகத்தில் வைப்பு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்தான். யசிந்தா இன்னொரு பதிவை எடுத்துவந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"உங்கடை பதினாறாயிரமும் பங்கிலை கிடக்கு அக்கா. இந்த ஆயிரத்து எண்ணூறு அதுக்கு வந்த பங்கிலாபம்."

"நான் எப்ப பங்கு வாங்கினன்? கடவுளாணை நான் வாங்கேல்லை!"

"வருசப்பிறப்புக் கைவிசேஷம் போடுறனீங்களல்லோ?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சங்கத்தைத் தொடக்கிய பழைய தலைவர் கனகசபாபதி கொண்டுவந்த வழக்கம் அது. வருசப்பிறப்பன்று, வருசத்தின் முதற்காசு கைமாறப் பஞ்சாங்கம் சொல்லும் கைவிசேஷ நேரத்துக்கு வங்கியைத் திறப்பார். பட்டு வேட்டியோடு இருந்து வெற்றிலையில் வைத்துக் காசு வாங்குவார். மஞ்சள் பூசிய பற்றுச்சீட்டுக் கொடுப்பார். நாங்கள் அதைக் கண்ணில் ஒற்றிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்போம். கைவிசேஷக் காசைச் செலவழிக்கக் கூடாது என்பது ஊர் முறை. செலவழிக்காத காசை எதற்கு வைப்பில் எழுதுவான் என்று தலைவர் எல்லாவற்றையும் பங்கில் எழுதியிருக்கிறார். பற்றுச்சீட்டில் அப்படித்தான் அச்சடித்தும் இருக்கிறது. சுவரில் கிடப்பதையெல்லாம் வாசிக்கிற நானே அதை வாசிக்கவில்லை. சாமிக்கு முன்னால் வைத்ததை யார் எடுத்து வாசிப்பார்கள்? சுவரில் கண்ட முப்பத்தெண்ணாயிரமும் ஊரார் ஒரு வருசம் போட்ட கைவிசேஷம்தான்.

நான் வருசத்துக்குப் பத்து ரூபாய்தான் போடுவேன். கொழுந்து அப்படியில்லை. நல்ல நேரத்தில் போட்டால் பெருகும் என்று, பங்குனி வெங்காயம் விற்ற காசு முழுவதையும் வருசப்பிறப்புவரை கட்டிவைத்துக் கொண்டுபோய்ப் போடுவாள். பணக்காரனைத் தேடி ஊரெல்லாம் கேட்டேன். பணக்காரரில் ஒருத்தி என் பக்கத்தில் நின்று மூக்கைச் சீறிக்கொண்டிருந்தாள்.

"சரி, திருப்பிக் குடும்" என்றேன்.

"பங்கைச் சங்கம் திருப்பி வாங்கேலாது அக்கா. சட்டம். கடன் தரலாம், ஆனா நிர்வாகசபை கூட இன்னும் மூண்டு கிழமை இருக்கு."

"கண்டறியாத சட்டம்! விதவையின்ரை காசை அமுக்கிப்போட்டுச் சட்டம் கதைக்கிறீரோ? என்ரை பதினெட்டாயிரத்தையும் இப்பவே எடுத்துவையும். மத்தியானத்துக்குள்ளை சந்தை முழுக்கச் சொல்லி, ஒருத்தன்ரை காசும் இஞ்சை இல்லாமல் பண்ணாட்டி நான் பராசக்தி இல்லை!"

வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. யசிந்தா குரலை உயர்த்தவில்லை.

"தாறன் அக்கா. எல்லாரும் வந்து கேட்டாலும் ஏலுமானவரைக்கும் குடுப்பன். தொண்ணூறிலை சண்டை திரும்பத் தொடங்கேக்கை ஊரே வந்து எடுத்தது. ஒருத்தருக்கும் ஒரு சதம் குறையேல்லை. ஏன் தெரியுமோ? அண்டைக்கும் இவவின்ரை காசு எழும்பிப் போகாமல் இஞ்சை நிண்டது. எங்கடை குருநகரிலை நாலு பேர் சேர்ந்து வள்ளம் வாங்குவினம். மீன் வித்த காசைப் பிரிக்கலாம். நடுக்கடலிலை வைச்சு, நான் போட்ட பலகையைக் கழட்டித் தா எண்டு கேட்டால் மற்றவையின்ரை கதி என்ன?"

தொண்ணூறில் வரிசையில் நின்று எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எண்ணி வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனேன், பயம் தெளிந்தபின் திரும்பப் போட்டேன். கொழுந்தின் பலகையில் நின்றுதான் வாங்கினேன் என்று அன்று யார் கண்டார்கள்? ஆனாலும் விடுப்பு விடுமா?

"அப்ப கனகசபாபதி? அவரும் பங்கு வைச்சிருந்தவர். இப்ப லண்டனிலை மகனோடை இருக்கிறார். பலகையைக் கழட்டாமலே போனவரோ?"

"அவரின்ரை பங்கை இன்னொரு ஆள் வாங்கினது. ஒரு அங்கத்தவர் மற்றவருக்கு மாத்தலாம். அதுக்குக் கூட்டம் தேவையில்லை, நானே செய்யலாம்."

"ஆர் வாங்கினது?"

அவள் விசிறியை எடுத்து வைத்துக்கொண்டு, "நான்தான்" என்றாள்.

அப்படியானால் கொழுந்தின் பங்கையும் ஒருவர் வாங்கலாம். பொன்னம்பலத்தைப் பார்த்தேன். வாழைக்குலைக்காரருக்குத் திடீரென்று கூரையில் பார்க்க நிறைய இருந்தது. வரிசையில் ஒருவரும் என் கண்ணைச் சந்திக்கவில்லை. கொழுந்து அழுகையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைச் சேலைக்குள் செருகிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு அப்போதே முடிந்துவிட்டது.

"பிள்ளை" என்றேன். "என்ரை வைப்பிலையிருந்து பதினாறாயிரத்தை எடுத்து இவளுக்குக் குடும். இவளின்ரை பங்கை என்ரை பேருக்கு எழுதும்."

"மச்சாள்!" கொழுந்து என் கையைப் பிடித்தாள். "அது நீங்கள் பெடியனிட்டைப் போறதுக்கு வைச்ச காசெல்லே?"

"வாயைப் பொத்து. அவன் எங்கையும் ஓடமாட்டான்."

யசிந்தா பதிவுப் புத்தகத்தை விரித்தாள். "அக்கா, விளங்கித்தானே கேக்கிறியள்? பிறகு உங்களுக்கும் இதே சட்டம்தான். ஒரு ஆள் வந்து வாங்கினால்தான் எடுக்கலாம்."

"விளங்குது. எனக்கு ஒண்டை மட்டும் சொல்லும். வாற வருசம் உந்தக் கடதாசியிலை இது எந்த வரியிலை வரும்?"

"முதற் பகுதியிலை வைப்பு பதினாறாயிரம் குறையும். மூண்டாம் பகுதியிலை ஒரு சதமும் அசையாது. பேர் மட்டும்தான் மாறும்."

ஒரு பிள்ளையின் வாழ்க்கை அசைகிறது, அங்கே ஒரு சதமும் அசையாதாம். அட கோதாரி என்று நினைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்மாவதி என் வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாள். கையில் ஒரேயொரு பை. வெளியே கிளாலிக்குப் போகும் வான் நின்றது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கத் திருநீறை அள்ளி அவள் நெற்றியிலும் கண்ணிலுமாகப் பூசிவிட்டேன்.

"மாமி, அம்மாவும் பிறகு வருவா. நீங்களும் வாங்கோவன். அத்தான் எத்தினை தரம் கடிதம் போட்டவர்?"

"நான் இப்ப மூண்டாம் பகுதியடி" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்லலாம்தான், ஆனால் வான்காரன் ஹோர்ன் அடித்துவிட்டான்.

"போ பிள்ளை" என்றேன். "நான் நிக்கிறன்."